ஒரே பப்ளிக் ஐபியில் முப்பத்தைந்து கணினிகள்: ரவுட்டரில் பேட் அமைப்பது பற்றி

காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லிங்கிச் செட்டி தெருவில் உள்ள ஒரு கிளியரிங் அலுவலகத்தின் கணினிகளை அவர் கவனித்துக்கொள்கிறார். முப்பத்தைந்து கணினிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பப்ளிக் ஐபியுடன் (இணையத்தில் வெளியே தெரியும் முகவரி) லீஸ்டு லைன் (அலுவலகத்துக்கென்றே வாடகைக்கு எடுக்கும் இணைய இணைப்பு) வாங்கி, ஒரு சிஸ்கோ ரவுட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். ரவுட்டரிலிருந்து இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகிறது. கணினிகளிலிருந்து ரவுட்டருக்கும் பிங் போகிறது. ஆனால் எந்தக் கணினியிலும் இணையம் வரவில்லை. எந்த முகவரிகள் பொருந்தும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் அணுகல் பட்டியலில் தாம் எழுதிய வரி ஒன்றாகவும், ஷோ ரன் (ரவுட்டரின் தற்போதைய அமைப்பைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் தெரியும் வரி வேறாகவும் இருப்பது ஏன் என்றும் கேட்கிறார். இது சரியானதும் கேமரா டிவிஆரை (கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) வெளியிலிருந்து பார்க்க வேண்டுமாம். தூத்துக்குடிக் கிளைக்கு விபிஎன் சுரங்கமும் (இணையத்தின் மேலேயே குறியாக்கத்துடன் போகும் தனிப்பாதை) போட வேண்டுமாம்.

கேள்வியிலேயே விடை இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பாக்கெட்டில் உள்ள முகவரியை ரவுட்டர் மாற்றி அனுப்புவதற்கு நேட் என்று பெயர்; போர்ட் எண்களின் உதவியோடு பல கணினிகளை ஒரே பப்ளிக் ஐபியாகக் காட்டும் நேட் வகைதான் பேட் (போர்ட் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்). கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். ரவுட்டரில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்காக உங்கள் பப்ளிக் ஐபியை 203.0.113.10 என்றும், இணைய நிறுவனத்தின் பக்கத்து முகவரியை 203.0.113.9 என்றும், அலுவலக நெட்வொர்க்கை 192.168.10.0 என்றும் வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதிய வரி இது:

அக்சஸ்-லிஸ்ட் 1 பெர்மிட் 192.168.10.0 255.255.255.0

ரவுட்டர் காட்டுவது இது:

அக்சஸ்-லிஸ்ட் 1 பெர்மிட் 0.0.0.0 255.255.255.0

ரவுட்டர் உங்கள் வரியை மாற்றவில்லை. நீங்கள் சொன்னதற்கு உண்மையில் என்ன பொருளோ அதை எழுதிக் காட்டுகிறது. இன்டர்ஃபேஸுக்கு (ரவுட்டரில் கேபிள் செருகும் வாய்) முகவரி கொடுக்கும்போது எழுதும் சப்நெட் மாஸ்க் வேறு, அணுகல் பட்டியலில் எழுதும் வைல்ட்கார்டு மாஸ்க் வேறு. வைல்ட்கார்டில் 0 என்றால் ‘இந்த இடம் அப்படியே பொருந்த வேண்டும்’ என்று பொருள். 255 என்றால் ‘இந்த இடத்தில் எது இருந்தாலும் சரி’ என்று பொருள். நீங்கள் முதல் மூன்று இடங்களிலும் 255 கொடுத்துவிட்டதால் 192, 168, 10 ஆகிய மூன்றும் பொருளற்றவையாகி 0 என்று ஆகிவிட்டன. எஞ்சியது ஒரே நிபந்தனை: கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் .0 என்று முடியும் முகவரி எந்தக் கணினிக்கும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆகவே எந்தப் பாக்கெட்டும் பட்டியலுடன் பொருந்தவில்லை, முகவரி மாற்றம் நடக்கவில்லை. பாக்கெட்டுகள் 192.168.10.23 போன்ற உள்முகவரியைச் சுமந்துகொண்டே வெளியே போயிருக்கின்றன. அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இணையத்தில் வழி கிடையாது.

ரவுட்டரிலிருந்து மட்டும் பிங் போனதற்கும் இதுவே காரணம். ரவுட்டர் தானே அனுப்பும் பாக்கெட்டில் வெளி இன்டர்ஃபேஸின் பப்ளிக் ஐபி இருக்கும். அதற்கு எந்த மாற்றமும் தேவையில்லை. எனவே ரவுட்டரிலிருந்து பிங் போவது லைன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, பேட் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. உள்ளிருக்கும் ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து சோதியுங்கள்; அது முடியாதபோது, ‘பிங் 8.8.8.8 சோர்ஸ் 192.168.10.1’ என்று உள்முகவரியை மூலமாகக் கொடுத்துச் சோதியுங்கள்.

வரியைத் திருத்துவது எளிது: 255.255.255.0 என்பதை 0.0.0.255 என்று மாற்றினால் இணையம் வந்துவிடும். ஆனாலும் டிவிஆரும் விபிஎன்னும் வரிசையில் நிற்பதால், ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் மறுபடியும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். எனவே சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

ஐபி நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட்டுகள். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகம் முழுமைக்கும் இது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. முகவரி மாற்றம் என்ற உத்தியை 1994-இல் கேயெல் எகேவாங், பால் பிரான்சிஸ் இருவரும் ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரில் 1631-ஆம் ஆவணமாக வெளியிட்டார்கள். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918, அலுவலகங்களும் வீடுகளும் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ள 10 என்று தொடங்கும் தொகுதி, 172.16 முதல் 172.31 வரையிலான தொகுதி, 192.168 என்று தொடங்கும் தொகுதி ஆகிய மூன்றையும் ஒதுக்கியது. 2011 பிப்ரவரியில் உலகளாவிய இருப்பே தீர்ந்துபோனது. ஒரு லீஸ்டு லைனுக்கு ஒரு பப்ளிக் ஐபிக்கு மேல் கேட்டால் இணைய நிறுவனம் தனியாகக் கட்டணம் சொல்வதன் பின்னணி இதுதான்.

ஒரே முகவரிக்குப் பின்னால் பலர் எப்படி வாழ்வது என்பதை வடசென்னைக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ஒண்டுக்குடித்தன வீடுகளை நாம் பார்த்தே வளர்ந்தோம். தெருவுக்கு ஒரே கதவு எண். உள்ளே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடும்பங்கள். தபால்காரருக்கு வாசல் வரைக்கும்தான் தெரியும். யாருடைய கடிதம் எந்த அறைக்கு என்பது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரப் பெரியவருக்குத் தெரியும். பேட் செய்யும் ரவுட்டர் அந்தப் பெரியவரைவிட ஒரு படி கூடுதலாகச் செய்கிறது: வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்திலும் அனுப்புநர் முகவரியை அழித்து வாசல் முகவரியை எழுதுகிறது, தேவைப்பட்டால் அறை எண்ணையும் மாற்றுகிறது, மாற்றியதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது, பதில் வரும்போது குறிப்பேட்டைப் பார்த்து உரிய அறைக்கு அனுப்புகிறது.

இங்கே அறை எண்ணாகப் பயன்படுவதுதான் போர்ட் எண். துறைமுகத்துக்கு அருகிலேயே வேலை பார்ப்பதால் உங்கள் அலுவலகத்தில் போர்ட் என்ற சொல் நாள் முழுவதும் வேறு பொருளில் ஒலிக்கும். நான் சொல்வது இணையத்தில் தரவு அனுப்பும் இரு முறைகளான டிசிபி, யுடிபி பாக்கெட்டுகளின் தலைப்பில் இருக்கும் 16 பிட் எண்ணை. அது 0 முதல் 65,535 வரை போகும். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி முறைக்குப் போர்ட் கிடையாது. பிங் பாக்கெட்டில் உள்ள அடையாள எண்ணையே ரவுட்டர் போர்ட்டைப் போலப் பயன்படுத்திக்கொள்கிறது.

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை அருகிலிருந்து பாருங்கள். 192.168.10.23 என்ற கணினியில் ஒருவர் ஏதோ ஓர் இணையதளத்தைத் திறக்கிறார். அந்தத் தளம் 198.51.100.20 என்ற முகவரியில் 443-ஆம் போர்ட்டில் இருக்கிறது. கணினி தன் பக்கத்துக்கு 51734 என்ற போர்ட்டைத் தேர்ந்துகொள்கிறது. ‘ஷோ ஐபி நேட் டிரான்ஸ்லேஷன்ஸ்’ கொடுத்தால் இப்படி ஒரு வரி வரும்:

டிசிபி  203.0.113.10:51734  192.168.10.23:51734  198.51.100.20:443  198.51.100.20:443

முதல் நெடுவரிசைக்கு இன்சைட் குளோபல் என்று பெயர்; உங்கள் கணினி வெளியுலகுக்குத் தெரியும் முகவரி அது. இரண்டாவது இன்சைட் லோக்கல். கணினியின் உண்மையான உள்முகவரி. மூன்றாவதும் நான்காவதும் எதிர்முனையின் முகவரி. உங்கள் அமைப்பில் அவை இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் இப்போதைக்கு அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜார்ஜ் டவுன் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு நெடுவரிசைகளையும் அப்படியே படியுங்கள்: ஒரே வீடு, தெருவுக்கு ஓர் எண், உள்ளிருப்பவருக்கு ஓர் எண்.

போர்ட் எண் மாறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சிஸ்கோ ரவுட்டர் முடிந்தவரை கணினி தேர்ந்த போர்ட்டையே வைத்திருக்கும். அதே நேரத்தில் 192.168.10.31 என்ற கணினியும் தற்செயலாக 51734-ஐத் தேர்ந்து, அது ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால், அந்த இரண்டாவது கணினிக்கு 1024 போன்ற வேறொரு காலிப் போர்ட்டை ரவுட்டர் கொடுக்கும். பேட் என்ற பெயர் இந்தப் போர்ட் மாற்றத்தால்தான் வந்தது. சிஸ்கோவின் கட்டளையில் இதற்கு ஓவர்லோடு என்று பெயர். ஒரே முகவரியின் மேல் பலரை ஏற்றுவதால் அந்தச் சொல்.

இனி முழு அமைப்பு. உள் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/1 என்றும், லைன் வரும் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0 என்றும் கொள்கிறேன்.

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/1
ஐபி அட்ரஸ் 192.168.10.1 255.255.255.0
ஐபி நேட் இன்சைட்

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0
ஐபி அட்ரஸ் 203.0.113.10 255.255.255.252
ஐபி நேட் அவுட்சைட்

ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 203.0.113.9
அக்சஸ்-லிஸ்ட் 1 பெர்மிட் 192.168.10.0 0.0.0.255
ஐபி நேட் இன்சைட் சோர்ஸ் லிஸ்ட் 1 இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0 ஓவர்லோடு

பேட்டுக்கென்று இருப்பவை நான்கே வரிகள்: உள்ளே எது, வெளியே எது, யாருக்கு மாற்றம், எந்த முகவரிக்கு மாற்றம். பாக்கெட் உள்ளிருந்து வெளியே போகும்போது முதலில் வழித்தேர்வு, அதன் பிறகே முகவரி மாற்றம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது முதலில் முகவரி மாற்றம், பிறகு வழித்தேர்வு. இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டீஃபால்ட் ரூட் (மேலே ‘ஐபி ரூட்’ என்று தொடங்கும் வரி) எழுத மறந்தால் பேட் எவ்வளவு சரியாக இருந்தாலும் குறிப்பேடான அந்த அட்டவணை காலியாகவே இருப்பதற்குக் காரணம் இந்த வரிசைதான்: வெளியே போகும் வழி தெரியாத பாக்கெட் மாற்றம் நடக்கும் இடத்துக்கே வந்து சேராது.

லீஸ்டு லைனுக்குப் பதிலாகப் பிபிபிஓஈ முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் என்றால், அவுட்சைட் வரியைக் கேபிள் செருகிய இன்டர்ஃபேஸில் எழுதக்கூடாது. அந்த இணைப்புக்காக ரவுட்டருக்குள் உருவாக்கும் டயலர் இன்டர்ஃபேஸில் எழுத வேண்டும், ஓவர்லோடு வரியிலும் டயலரின் பெயரே வர வேண்டும். அதில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 ஆகவும், உள் இன்டர்ஃபேஸில் ‘ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1452’ என்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிங் போகும், சில தளங்கள் திறக்கும், வேறு சில தளங்கள் பாதியில் தொங்கும். பழியைப் பேட்டின் மேல் போட்டு நாள் முழுவதும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அணுகல் பட்டியலில் சோம்பலுக்காகப் ‘பெர்மிட் எனி’ என்று எழுதிவிடாதீர்கள். அதை எழுதினால் இணையம் உடனே வரும் என்பதால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மாற்றத் தேவையில்லாத பாக்கெட்டுகளையும் அது மாற்ற முயன்று ரவுட்டரின் வளங்களை வீணாக்கும். சிஸ்கோவே தன் வழிகாட்டிகளில் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் நெட்வொர்க் எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ‘ஷோ ஐபி நேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கொடுங்கள். அவுட்சைட் என்றும் இன்சைட் என்றும் எந்த இன்டர்ஃபேஸ்கள் பதிவாகியிருக்கின்றன என்பதை முதலில் படியுங்கள். இடம் மாற்றி எழுதியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஹிட்ஸ் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். அது ஏறாமல் இருந்தால் ‘ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ்’ கொடுத்து, பட்டியல் வரியின் பக்கத்தில் பொருத்த எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ரவுட்டரில் நீங்கள் முதல் நாளே இதைப் பார்த்திருந்தால், ஒரு பாக்கெட்டும் பொருந்தவில்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் வலியுறுத்துவது இது ஒன்றைத்தான்: கட்டளைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் அட்டவணையைப் படிக்கப் பழக வேண்டும்.

அட்டவணையில் பதிவு சரியாக உருவாகியும் தளங்கள் தடுமாறினால், கேபிளைப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், கடற்கரைச் சாலை ஓரத்து அலுவலகங்களில் உப்புக்காற்றில் ஆர்ஜே-45 முனையின் செப்பு ஊசிகள் பச்சை பூத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ வெளியீட்டில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் முனையை மாற்றுங்கள்.

இப்போது டிவிஆர். வெளியிலிருந்து ஒருவர் தாமாகத் தொடங்கும் இணைப்புக்குக் குறிப்பேட்டில் பதிவு இருக்காது. ரவுட்டருக்கு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. நிலையான ஒரு பதிவை நாமே எழுதி வைக்க வேண்டும். டிவிஆரின் முகவரி 192.168.10.50 என்றால்,

ஐபி நேட் இன்சைட் சோர்ஸ் ஸ்டாட்டிக் டிசிபி 192.168.10.50 80 இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0 8080

என்று எழுதினால், வெளியிலிருந்து 8080-க்கு வருவது டிவிஆரின் 80-க்குப் போகும். எழுதிய பிறகு அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து பப்ளிக் ஐபியைத் தட்டிச் சோதித்துவிட்டு ‘வரவில்லை’ என்று சொல்லாதீர்கள். உள்ளிருந்து கிளம்பி, வெளிமுகவரியைத் தொட்டுத் திரும்ப உள்ளே வரும் பாக்கெட்டை இன்சைட், அவுட்சைட் என்ற இந்த அமைப்பு கையாளாது. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

ஆனால் இந்த வரியை எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்துக்குத் திறந்துவிடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் பெருந்திரளாகப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய தாக்குதல்களை நடத்தியது. போர்ட் எண்ணை 80-லிருந்து 8080-க்கு மாற்றுவது பாதுகாப்பு ஆகாது. இணையம் முழுவதையும் வருடிப் பார்க்கும் நிரல்களுக்கு அது ஒரு தடையே இல்லை. முதலாளி கட்டாயம் வேண்டும் என்றால், வெளி இன்டர்ஃபேஸில் உள்வரும் திசைக்கு ஓர் அணுகல் பட்டியல் போட்டு, நிலையான ஐபி உள்ள இடங்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அந்தப் பட்டியல் முகவரி மாற்றத்துக்கு முன்பே பார்க்கப்படும் என்பதால் அதில் சேருமிடமாக 203.0.113.10, போர்ட் 8080 என்றே எழுத வேண்டும், 192.168.10.50 என்று எழுதினால் ஒன்றும் பொருந்தாது. பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறுப்பு எப்போதும் உண்டு. உள்ளிருந்து போன கோரிக்கைகளின் பதில்கள் உள்ளே வர வழி விடாமல் பட்டியலை எழுதினால் அலுவலகம் முழுவதற்கும் இணையம் நின்றுவிடும். பப்ளிக் ஐபிக்கு வரும், குறிப்பேட்டில் பதிவு இல்லாத பாக்கெட் ரவுட்டருக்கே போகும் என்பதையும் மறக்காதீர்கள். எனவே தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் விடிஒய் வழிகளில் குறியாக்கம் இல்லாத டெல்நெட்டை மூடிவிட்டு, குறியாக்கம் உள்ள எஸ்எஸ்எச்சுக்கும் யார் வரலாம் என்ற பட்டியலைக் கட்டாயம் போடுங்கள்.

தூத்துக்குடி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் டிவிஆர் பிரச்சினையும் இதோடு சேர்ந்தே தீரும். கிளையின் நெட்வொர்க் 192.168.20.0 என்று வைத்துக்கொள்வோம். சிஸ்கோவின் கிரிப்டோ மேப் முறையில் ஐபிசெக் (பாக்கெட்டுகளைக் குறியாக்கம் செய்யும் தரமுறை) சுரங்கம் போடும்போது, ‘192.168.10 இலிருந்து 192.168.20-க்குப் போவதைச் சுரங்கத்தில் போடு’ என்று ஒரு பட்டியல் எழுதுவீர்கள். ஆனால் வெளியே போகும் பாக்கெட்டுக்கு முகவரி மாற்றம் முதலில் நடக்கும். குறியாக்கம் அதற்குப் பிறகுதான். மாற்றம் நடந்து முடிந்தால் மூல முகவரி 203.0.113.10 ஆகிவிடும், சுரங்கத்தின் பட்டியலோடு அது பொருந்தாது, பாக்கெட் குறியாக்கம் இல்லாமல் திறந்த இணையத்துக்குப் போய்த் தொலைந்துபோகும். ஆகவே தூத்துக்குடிக்குப் போவதற்கு மாற்றம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பட்டியல் 1 மூல முகவரியை மட்டுமே பார்க்கும் வகை என்பதால் அது இதற்கு உதவாது. சேருமிடத்தையும் பார்க்கும் விரிவான பட்டியல் வேண்டும்:

அக்சஸ்-லிஸ்ட் 101 டினை ஐபி 192.168.10.0 0.0.0.255 192.168.20.0 0.0.0.255
அக்சஸ்-லிஸ்ட் 101 பெர்மிட் ஐபி 192.168.10.0 0.0.0.255 எனி
ஐபி நேட் இன்சைட் சோர்ஸ் லிஸ்ட் 101 இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0 ஓவர்லோடு

இங்கே டினை என்பது பாக்கெட்டைத் தடுப்பதில்லை. மாற்றாமல் விடு என்று மட்டும் சொல்கிறது. வரிசையும் முக்கியம்: பெர்மிட் வரி மேலே போய்விட்டால் டினை வரிக்கு வேலையே இருக்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் இங்கே நாட்களைத் தொலைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன டிவிஆருக்கான நிலையான பதிவு இந்தப் பட்டியல் 101-ஐப் பார்ப்பதே இல்லை. தூத்துக்குடியில் இருப்பவர் சுரங்கத்தின் வழியே 192.168.10.50-ஐ 80-ஆம் போர்ட்டில் தொட்டால், டிவிஆர் அனுப்பும் பதிலை அந்த நிலையான பதிவு பிடித்துப் பப்ளிக் ஐபியாக மாற்றிவிடும். பதில் சுரங்கத்துக்குள் போகாது. மற்ற கணினிகள் எல்லாம் கிளையிலிருந்து தெரியும், டிவிஆர் மட்டும் தெரியாது. ஆகையால் நான் சொல்லும் யோசனை இது: போர்ட்டைத் திறக்காதீர்கள், கிளையிலிருந்து பார்ப்பவர்கள் சுரங்கத்தின் வழியே பார்க்கட்டும், முதலாளி வீட்டிலிருந்து பார்க்கத் தனியாள் விபிஎன் ஒன்றை அமைத்துக் கொடுங்கள். இரண்டு வேலையும் ஒரே வழியில் முடியும், டிவிஆரும் தெருவில் நிற்காது.

அட்டவணையின் அளவைப் பற்றி. ஒரு பப்ளிக் ஐபிக்கு டிசிபிக்கு அறுபதாயிரத்துக்கும் மேல், யுடிபிக்கும் அதே அளவு போர்ட்டுகள் இருப்பதால் முப்பத்தைந்து கணினிகளுக்குப் பற்றாக்குறை வராது. ஆனால் ரவுட்டரை இயக்கும் மென்பொருளான சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் டிசிபி பதிவு, இணைப்பு ஒழுங்காக முடியாதபோது, 24 மணி நேரம் வரை அப்படியே கிடக்கும்; யுடிபி 5 நிமிடம், தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் ஒரு நிமிடம். ஊழியர்களின் கைப்பேசிகளும் வைஃபையில் ஏறினால், பாதியில் அறுந்த இணைப்புகளின் பதிவுகள் நாள் முழுவதும் சேர்ந்து நினைவகத்தைத் தின்னும். ‘ஐபி நேட் டிரான்ஸ்லேஷன் டிசிபி-டைம்அவுட் 3600’ என்று ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடலாம். அதற்கும் கீழே போனால் அமைதியாகத் திறந்தே வைத்திருக்கும் சில இணைப்புகள் அறுபடும். ஏதோ ஒரு கணினி மட்டும் ஆயிரக்கணக்கில் பதிவுகளை உருவாக்குகிறது என்றால், அதில் தீநிரலோ டோரன்ட்டோ இருக்கிறது என்று பொருள். ‘ஐபி நேட் டிரான்ஸ்லேஷன் மேக்ஸ்-என்ட்ரீஸ் ஆல்-ஹோஸ்ட் 500’ போன்ற வரம்பு மற்றவர்களைக் காப்பாற்றும்.

பழைய பதிவுகளை அழிக்க ‘கிளியர் ஐபி நேட் டிரான்ஸ்லேஷன்’ என்ற கட்டளைக்குப் பின் நட்சத்திரக் குறி போடும் வழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மண்ணடியில் ஓர் அலுவலகத்தில், ஒரே ஒரு கணினியின் சிக்கலைத் தீர்க்க நான் பகல் பதினோரு மணிக்கு அதைப் போட்டுவிட்டேன். அங்கிருந்த எல்லோருடைய இணைப்புகளும் ஒரே நொடியில் அறுந்தன. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க ஆவணம்) ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சரக்கு வந்திறங்கிய அன்றைக்கு அது சிறிய விஷயமல்ல. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் அலுவலகத்திலும் அதே வேலைதான் நடக்கிறது என்பதால் சொல்கிறேன்: வேலை நேரத்தில் நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். சிக்கலுள்ள கணினியின் பதிவை மட்டும், அதன் முகவரியையும் போர்ட்டையும் குறிப்பிட்டு அழிக்க முடியும். ‘டீபக் ஐபி நேட்’ கட்டளையையும் கூட்டம் உள்ள நேரத்தில் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி கொட்டி ரவுட்டரைத் திணறடித்துவிடும்.

கிளை அலுவலகத்திலோ வீட்டிலோ கேபிள் ஆபரேட்டரின் பிராட்பேண்ட் இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியிலோ, 10 என்று தொடங்குவதாகவோ இருந்தால், அங்கே உங்கள் பேட்டுக்கு மேலே ஆபரேட்டரும் ஒரு பேட் வைத்திருக்கிறார். 2012-இல் இதற்கென்றே 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. அத்தகைய லைனில் எத்தனை நிலையான பதிவுகள் எழுதினாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. குறிப்பேடு இன்னொருவர் கையில் இருக்கிறது. சுரங்கத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி, லிங்கிச் செட்டி தெருவின் நிலையான ஐபியை நோக்கி வரச் செய்தால் வேலை நடக்கும். ஐபிசெக்கில் குறியாக்கம் செய்த தரவைச் சுமக்கும் ஈஎஸ்பி பாக்கெட்டில் போர்ட் எண் இல்லாததால் பேட் அதைத் தடுமாற வைக்கும் என்பதற்காகவே, வழியில் முகவரி மாற்றம் இருந்தால் யுடிபி 4500-இல் பொதிந்து அனுப்பும் முறை 2005-இல் தரப்படுத்தப்பட்டது. இரு முனைகளிலும் அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதிவேட்டைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முப்பத்தைந்து பேரும் ஒரே ஐபியாக வெளியே தெரிவதால், ஒரு கணினியிலிருந்து தவறு நடந்தால் வெளியே இருப்பவருக்கு அலுவலகம் மட்டுமே தெரியும், ஆள் தெரியாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறது; கடிகாரங்களை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) மூலம் ஒத்திசைக்கவும் சொல்கிறது. ‘ஐபி நேட் லாக் டிரான்ஸ்லேஷன்ஸ் சிஸ்லாக்’ என்று கொடுத்து, பதிவுகளை அலுவலகத்திலுள்ள ஒரு சிஸ்லாக் கணினிக்கு (பதிவுகளைப் பெற்றுச் சேமிக்கும் கணினி) அனுப்புங்கள். ரவுட்டரின் நினைவகத்தில் அது தாங்காது. ரவுட்டரின் நேரம் தவறாக இருந்தால் அந்தப் பதிவுகளுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் எந்த நொடியில் எந்தப் போர்ட் யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வியாக வரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லோரும் கிளம்பிய பிறகு, முடிந்தால் கன்சோல் கேபிளுடன் (ரவுட்டரை நேரடியாகக் கணினியோடு இணைக்கும் கேபிள்) ரவுட்டரின் பக்கத்திலேயே உட்காருங்கள். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் செய்வதாக இருந்தால், தற்போதைய அமைப்பைச் சேமித்துவிட்டு முதலில் ‘ரீலோட் இன் 15’ கொடுத்துவிடுங்கள். ஏதேனும் தவறி வெளியே பூட்டிக்கொண்டால் பதினைந்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய அமைப்போடு தானே எழும். பட்டியல் 101-ஐ முதலில் எழுதுங்கள். பிறகு பட்டியல் 1-ஐச் சுட்டும் பழைய ஓவர்லோடு வரியை ‘நோ’ போட்டு நீக்குங்கள்; மாற்றம் பயன்பாட்டில் இருக்கிறது, பதிவுகளை அழிக்கட்டுமா என்று ரவுட்டர் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். புதிய ஓவர்லோடு வரியை எழுதி, ஏதாவது ஒரு கணினியிலிருந்து ஒரு தளத்தைத் திறந்து, அட்டவணையில் அந்தக் கணினியின் வரி வருகிறதா என்று பாருங்கள். வந்ததும் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்து ‘ரைட் மெமரி’ கொடுங்கள். தூத்துக்குடிச் சுரங்கத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று சிக்கினால் ‘ஷோ ஐபி நேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’, ‘ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ்’, ‘ஷோ கிரிப்டோ ஐபிசெக் எஸ்ஏ’ மூன்றின் வெளியீட்டையும் பப்ளிக் ஐபியை மறைத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.